ரேடியோஹெட்டின் 'தி பெண்ட்ஸ்': பல வருஷம் கேட்ட பிறகு

இங்கிலாந்து ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் 'தி பெண்ட்ஸ்', 1995 மார்ச்சில் வந்த ஆல்பம். நான் முதலில் சிடியாக வாங்கினேன், அப்புறம் போனில் ஏற்றினேன், இப்போது பெரும்பாலும் ஹெட்போனில்தான். கூடவே வாங்கிய எத்தனையோ ஆல்பங்கள் சலித்துவிட்டன, இது மட்டும் சலிக்கவில்லை. காரணம் சத்தமான இடங்கள் இல்லை, இந்த ஐந்து பேரும் அடக்கி வாசிக்கும் இடங்கள்தான் என்பேன்.

'கிரீப்' என்ற ஒரே பாட்டால் பெயர் வாங்கிய ஆக்ஸ்ஃபோர்டு பையன்கள், அடுத்த ஹிட் எங்கே என்ற நெருக்கடியோடுதான் 1994 தொடக்கத்தில் தயாரிப்பாளர் ஜான் லெக்கியுடன் லண்டனில் ஸ்டுடியோவுக்குள் போனார்கள். வேலை நகரவில்லை. நடுவில் டூர் போய் மேடையில் வாசித்து வாசித்துத்தான் பாட்டுகள் படிந்தன. 'மை அயர்ன் லங்' பாட்டே அந்த மே மாதம் லண்டன் அஸ்டோரியாவில் நடந்த கச்சேரியின் பதிவுதான், குரலை மட்டும் பின்னால் மாற்றிப் பாடிச் சேர்த்தார்கள்.

நான் அதிகம் கேட்டது 'ஃபேக் பிளாஸ்டிக் ட்ரீஸ்'. அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லியின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வந்த குழுவின் பாடகர் தாம் யார்க், அகூஸ்டிக் கிட்டாரோடு தனியாகப் பாடிப் பதிவு செய்தார், மற்றவர்கள் அதன்மேல்தான் வாசித்தார்கள். அதனால் பாட்டு அவர் மூச்சுக்கு ஏற்றபடி லேசாக நின்று நின்று நகரும். கிட்டாரிஸ்ட் ஜானி கிரீன்வுட் வாசிக்கும் ஆர்கன் எப்போது உள்ளே வந்தது என்றே தெரியாது. எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஒரே ஒரு இடத்தில் பொங்கி எழும், உடனே அடங்கிவிடும், கடைசி வரி கிட்டத்தட்ட முணுமுணுப்பு. வேறு எந்த இசைக்குழுவாக இருந்தாலும் அந்தப் பொங்கலை இன்னும் இரண்டு நிமிஷம் இழுத்திருப்பார்கள்!

'ஹை அண்ட் டிரை' எனக்குத் தேய்ந்துவிட்டது, இப்போதெல்லாம் தாண்டிப் போகிறேன் (தாம் யார்க்குக்கே அது பிடிக்காத பாட்டுதான்). அதற்கு நேர்மாறாக, ஆரம்பத்தில் கண்டுகொள்ளாமல் விட்ட 'புல்லட் ப்ரூஃப்' வருஷம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கிறது. ஜானியும் இன்னொரு கிட்டாரிஸ்ட் எட் ஓபிரையனும் பாட்டைக் காதில் வாங்காமலேயே கிட்டார் சத்தங்களை எழுப்பி, அதைப் பாட்டின்மேல் போட்டார்கள். பின்னணியில் எங்கேயோ கீச்சிட்டு மறையும் அந்த ஒலிகள் எந்தத் தாளத்திலும் உட்காராததற்கு அதுதான் காரணம், இதெல்லாம் ஹெட்போனில்தான் பிடிபடும்.

'பிளாக் ஸ்டார்' பாட்டையும் விட்டுவிடாதீர்கள். லெக்கி இல்லாத நேரத்தில் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு இன்ஜினியராக இருந்த நைஜல் காட்ரிச் பதிவு செய்தது அது, அடுத்த ஆல்பமான 'ஓகே கம்ப்யூட்டர்' முதல் ரேடியோஹெட்டின் கூடவே இருப்பவர் அவர்தான்.

'கிரீப்' மட்டும் கேட்டவர்கள் தாராளமாக இங்கிருந்து ஆரம்பிக்கலாம். 12 பாட்டு, 50 நிமிஷம்கூட இல்லை, வரிசையை மாற்றாமல் கேளுங்கள். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், காலின் கிரீன்வுட்டின் பேஸ் கிட்டார் அதில் சுத்தமாகக் கேட்காது.