பிரிட்ஜ், டெயில்பீஸ் மாற்றப் போகிறீர்களா? என் கிட்டாருக்கு மரை கழன்ற கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்

இதில் பாதித் தப்பு என்னுடையது, அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெட்டியைப் பிரித்த அன்றே ஒரு ஸ்கேலை எடுத்து அளந்து பார்த்திருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது. மீதிப் பாதித் தப்பு, தெரிந்தே பொய் சொல்லி விற்ற ஓர் ஆன்லைன் வியாபாரியுடையதும், தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்த ஒரு ரிப்பேர்காரருடையதும். பெயரெல்லாம் போடப்போவதில்லை. இதே மாதிரி ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் பெயரைவிட நடந்தது எப்படி என்பதுதான் உங்களுக்கு உதவும்.

என் கிட்டார் கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் என்ற மின் கிட்டார் வடிவம், அமெரிக்காவில் செய்தது, நல்ல வயதானது. கொஞ்ச நாளாகவே டி கம்பியும் ஜி கம்பியும் பன்னிரண்டாவது ஃபிரெட்டை (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) தாண்டினால் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி இரைந்துகொண்டிருந்தன. கழுத்தைச் சரி செய்தேன், ஃபிரெட்டைப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. கடைசியில், உடம்பின் மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைக் கழற்றி அதன் அடியில் ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் ஸ்கேல் சீசா மாதிரி ஆடுகிறது. நடுப்பகுதி தொங்கிப் போயிருக்கிறது. துத்தநாகக் கலவையில் வார்த்த பிரிட்ஜ், இரண்டு முனையில் மட்டும்தான் தாங்கல், மேலே ஆறு கம்பியும் வருடக்கணக்காக அமுக்கிக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். போதாததற்கு, அதன் பின்னால் கம்பிகளின் முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸை மரத்தோடு மரமாக இறுக்கினால் நாதம் நீண்டு நிற்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நானும் இறுக்கி வைத்திருந்தேன். கம்பிகள், பிரிட்ஜின் மேல் ஒவ்வொரு கம்பிக்கும் இருக்கும் சின்னத் தாங்கியான சேடிலில் மட்டும் உட்காராமல் பிரிட்ஜின் பின் விளிம்பிலும் உரசி அழுத்திக்கொண்டிருந்திருக்கின்றன. உங்கள் கிட்டாரிலும் இப்போதே ஒரு தடவை பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சேடிலுக்குப் பின்னால் கம்பி வேறு எதையாவது தொட்டால் டெயில்பீஸைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

சரி, மாற்றத்தான் வேண்டும், மாற்றுவதே மாற்றுகிறோம், இரண்டையும் சேர்த்தே மாற்றுவோம் என்று தேடினேன். அப்போது கண்ணில் பட்டதுதான் அந்த செட். எடை குறைந்த அலுமினிய டெயில்பீஸ், பித்தளை சேடில், பிரிட்ஜைத் தாங்கும் திருகான போஸ்ட், டெயில்பீஸைத் தாங்கும் திருகான ஸ்டட் எல்லாம் கூடவே வரும், "எல்லா கிட்டாருக்கும் அப்படியே பொருந்தும்". வாங்குவதற்கு முன்னால் கேட்கவும் செய்தேன். அமெரிக்க கிட்டார், பழைய ஏபிஆர்-1 வகை பிரிட்ஜ், போஸ்ட் நேராக மரத்துக்குள் இறங்குகிறது, இதற்குச் சேருமா என்று. பதில் இரண்டு நிமிடத்தில் வந்தது: "சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க. போஸ்ட்டுக்கும் போஸ்ட்டுக்கும் 74 மில்லிமீட்டர், உலகம் பூரா ஒரே அளவுதான்."

74 என்பது ஏறக்குறைய சரிதான், அதனால்தான் மாட்டிக்கொண்டேன். டெயில்பீஸ் ஸ்டட்டுகளின் இடைவெளியும் 82 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெரும்பாலும் இருக்கும். ஆனால் இடைவெளி ஒத்துப்போனால் பொருந்திவிடும் என்று நினைப்பது, பொண்ணு மாப்பிள்ளை உயரம் சரியாக இருக்கிறது, அதனால் ஜாதகம் பார்க்க வேண்டாம் என்பது மாதிரி. இங்கே ஜாதகம் என்பது மரை.

இந்த ஏபிஆர்-1 பிரிட்ஜ் கிப்ஸன் கம்பெனியில் டெட் மெக்கார்ட்டி தலைவராக இருந்த காலத்தில் வந்தது, 1954 லெஸ் பால் கஸ்டமில் முதலில் போட்டார்கள். அமெரிக்கச் சரக்கு, அதனால் எல்லாம் அங்குலக் கணக்கு. பழைய வகையில் பிரிட்ஜ் போஸ்ட்டின் விட்டம் சுமார் 3.5 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 32 மரை. ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் அதே தோற்றமுள்ள பிரிட்ஜுகளின் போஸ்ட் மெட்ரிக் கணக்கில் 4 மில்லிமீட்டராகவோ, மரத்தில் பதித்த உலோகக் குழாயான புஷ்ஷுக்குள் உட்காரும் தடித்த 8 மில்லிமீட்டராகவோ இருக்கும். கிப்ஸனே எழுபதுகளில் நாஷ்வில் என்று இன்னொரு பிரிட்ஜைக் கொண்டுவந்தது, அதற்கு போஸ்ட் மரத்தில் நேராக இறங்காது, உலோக புஷ் வேண்டும். படத்தில் பார்த்தால் எல்லாம் அண்ணன் தம்பி. கையில் எடுத்தால்தான் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை என்று தெரியும்.

எனக்கு வந்தது 4 மில்லிமீட்டர் வகை. என் பழைய போஸ்ட்டில் மாட்டினால் துளை பெரிசு, பிரிட்ஜ் கம்பி இழுக்கிற பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. கூடவே புது போஸ்ட் கொடுத்திருக்கிறார்களே, அதை ஆள் வைத்து மாட்டிக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

ரிப்பேர்காரர் வயதில் பெரியவர், பேச்சில் நம்பிக்கை வரும் ஆள். பிரிட்ஜைப் பார்த்தார், "இதைக் கடைசியில பாத்துக்கலாம் தம்பி" என்று ஓரமாக வைத்துவிட்டு டெயில்பீஸில் ஆரம்பித்தார். பழைய ஸ்டட்டைக் கழற்றினார், செட்டில் வந்த புது ஸ்டட்டை மரத்திலிருந்த புஷ்ஷுக்குள் வைத்துப் பட்டை ஸ்க்ரூடிரைவரால் திருகினார். இரண்டு சுற்று சுகமாக இறங்கியது, மூன்றாவதில் நின்றது. "அண்ணே, டைட்டா இருக்கே, மரை வேறயா இருக்குமோ?" என்றேன். "புதுசுன்னா அப்படித்தான் இருக்கும், போகப்போக இறங்கிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்டட்டின் தலையில் துணியைச் சுற்றி பிளேயரால் பிடித்தார். கிர்ர் என்று ஒரு சத்தம். ஸ்டட்டைச் சுற்றி வெள்ளையாகத் தூள் எழும்பி மேல் மரத்தில் சிந்தியது. அவர் அதை வாயால் ஊதித் தள்ளினார். அது அழுக்கு இல்லை, என் புஷ்ஷின் மரை என்று எனக்கு அன்று ராத்திரிதான் உறைத்தது. மரை கழண்ட கேஸ் என்று ஆளைத்தான் சொல்வார்கள், எனக்கு கிட்டாருக்கே அது நடந்தது.

ஏன் இரண்டு சுற்று இறங்கி அப்புறம் நிற்கிறது? அமெரிக்க ஸ்டட் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. மெட்ரிக் ஸ்டட் 8 மில்லிமீட்டர். குறுக்களவில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, வெர்னியர் வைத்தாலும் ஏமாறலாம். ஆனால் மரைக்கு மரை தூரம் முன்னதில் 1.06, பின்னதில் 1.25 மில்லிமீட்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் 0.19 விலகல். மூன்றாவது சுற்றில் அது அரை மரையைத் தாண்டிவிடுகிறது, அப்போது ஒரு மரையின் முகடு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காராமல் முகட்டோடு முகடு மோதும். அதற்கு மேல் திருகினால் எது மெத்தென்ற உலோகமோ அது செத்துவிடும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் ஸ்டட்டை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. புது டெயில்பீஸின் காடி பழைய ஸ்டட்டின் கழுத்தில் போய் நன்றாகவே உட்கார்ந்திருக்கும், பிறகு வைத்தும் பார்த்துவிட்டேன். புதுசு வந்திருக்கிறது, அதனால் மாட்டுகிறோம், அவ்வளவுதான் காரணம்.

சிக்கிய ஸ்டட்டைத் திருப்பிக் கழற்றப் பார்த்தால் அது தனியாக வராமல் புஷ்ஷையே மரத்துக்குள் சுற்ற வைத்துவிட்டது. சுற்றிலும் வார்னிஷ் பொரிந்தது. கடைசியில் புஷ்ஷும் ஸ்டட்டுமாகச் சேர்ந்தே வெளியே வந்தன, அவர் வேறொரு கருவியால் இரண்டையும் பிரித்து, புஷ்ஷில் பசையைத் தடவி மறுபடி அடித்து இறக்கினார். ஆறு கம்பியும் ஏற்றினால் மொத்தம் 40 கிலோவுக்கு மேல் இழுவை, அதைத் தாங்குவது இந்த இரண்டு ஸ்டட்தான். பசை அதற்கா?

வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் போட்டால் உம்ம்ம். சாதாரணமாகக் கம்பியைத் தொட்டதும் இரைச்சல் அடங்கும் இல்லையா, இப்போது கம்பியைத் தொட்டாலும் அப்படியே, கேபிள் சொருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் மட்டும் அடங்குகிறது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். இந்த வகை கிட்டார்களில் கம்பிகளை ஜாக்கோடு இணைக்கும் எர்த் வயரை ஒரு புஷ்ஷின் பக்கத்தில்தான் மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் நெருக்கி வைத்திருப்பார்கள். புஷ் பிடுங்கியபோது அது உள்ளேயே அறுந்துவிட்டது, மேலே பசையும் போட்டாகிவிட்டது. மல்டிமீட்டரில் டெயில்பீஸுக்கும் ஜாக்குக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன், பீப் சத்தமே இல்லை. ரிப்பேர்காரருக்கு போன் செய்தால் "ஆம்ப்ல பிரச்சனை இருக்கும் தம்பி" என்றார்.

இந்தக் கடுப்பில்தான் அந்த செட்டையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். டெயில்பீஸைக் கையில் எடுத்தாலே கனம். சமையலறைத் தராசில் வைத்தால் 180 கிராம். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, டெயில்பீஸை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன். தராசு 27 காட்டியது. 180ஐ 27ஆல் வகுத்தால் 6.7. அலுமினியமாக இருந்தால் 2.7 வர வேண்டும். 6.7 என்பது துத்தநாகக் கலவை. அலுமினியத்தில் இதே உருவம் 75 கிராமை ஒட்டி வந்திருக்கும். சேடிலின் அடிப்பக்கத்தில் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், முலாமுக்குக் கீழே மஞ்சளாக எதுவும் வரவில்லை, சாம்பல் நிறம். துத்தநாகம் ஒன்றும் பாவம் இல்லை, பெரிய கம்பெனிகளே அதில்தான் வார்க்கின்றன, என் பழைய டெயில்பீஸும் அதுதான். ஆனால் அலுமினியம் என்று சொல்லித்தானே என்னிடம் விற்றார்கள்?

விற்றவரிடம் எல்லாவற்றையும் எழுதினேன். முதல் பதில் தேன். "காந்தம் வைத்துப் பாருங்க சார், ஒட்டாது, அப்ப பித்தளைதானே?" பித்தளையும் ஒட்டாது, துத்தநாகமும் ஒட்டாது, அலுமினியமும் ஒட்டாது, இதில் என்ன கண்டுபிடிப்பு என்று கேட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். அடுத்த பதிலில் தேன் தீர்ந்துவிட்டது: ஸ்டட்டில் பிளேயர் தடம் இருக்கிறது, பொருத்திவிட்டீர்கள், பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். பொருத்தாமல் பொருந்துமா என்று எப்படி ஐயா தெரியும் என்றதற்குப் பதில் இல்லை. அன்று சாயங்காலம் விளம்பரத்தைத் திறந்து பார்த்தால் "அலுமினிய டெயில்பீஸ்" என்ற இடத்தில் "அலுமினிய நிற டெயில்பீஸ்" என்று இருக்கிறது. ஒரே ஒரு சொல். பழைய பக்கத்தை நான் படம் பிடித்து வைக்கவில்லை. நல்ல வேளை, ஆர்டர் உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் பழைய தலைப்பு அப்படியே இருந்தது, அதை வைத்து மேலே புகார் கொடுத்த பிறகுதான் டெயில்பீஸுக்கு உண்டான பணம் மட்டும் வந்தது. வாங்குகிற அன்றே பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள், அவர்களிடம் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் சேர்த்து.

கிட்டாரைச் சரி செய்தது வேறொருவர். புஷ்ஷை எடுத்து, தேய்ந்த துளையில் மெல்லிய மர இழை ஒட்டி, சரியான அங்குல மரையுள்ள புது புஷ்ஷை இறக்கி, எர்த் வயரின் முனையைப் புதிதாகச் சீவி ஓரத்தில் நெருக்கினார். இறக்கும் முன்பும் மீட்டர், இறக்கிய பிறகும் மீட்டர். அவரிடம் கற்றுக்கொண்ட வித்தை ஒன்று, இதற்கு அளவுகோலே வேண்டாம்: பழைய ஸ்டட்டையும் புது ஸ்டட்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து மரையோடு மரை சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். ஒரே மரை என்றால் பல்லோடு பல் கோத்துக்கொண்டு நடுவில் வெளிச்சம் வராது. வேறு என்றால் ஒரு ஓரம் சேரும், இன்னொரு ஓரத்தில் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். ஸ்கேல்தான் வேண்டும் என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை முகடு என்று எண்ணுங்கள், மெட்ரிக் ஸ்டட்டில் எட்டு, அமெரிக்க ஸ்டட்டில் ஒன்பதைத் தாண்டும். புது ஸ்டட்டைக் கையால் மட்டும் திருகுங்கள், விரல் நின்ற இடத்தில் நீங்களும் நின்றுவிடுங்கள்.

புது பிரிட்ஜ் இந்தத் தடவை வரைபடம் கொடுக்கும் தயாரிப்பாளரிடம்தான் வாங்கினேன். போஸ்ட் துளை, மரை, கம்பி இடைவெளி, வளைவு என்று எல்லா அளவும் தாளில் இருந்தது. வளைவையும் பாருங்கள், என் ஃபிங்கர்போர்டு 12 அங்குல ஆரம், பிரிட்ஜ் அதற்குத் தட்டையாக இருந்தால் நடுக் கம்பி இரண்டும் மறுபடி தாழ்ந்து பழைய ஈ திரும்ப வந்துவிடும். சேடிலில் காடி வெட்டாமல் வந்தது, அதையும் அவரே கம்பியின் தடிமனுக்கு அரத்தால் அராவிக் கொடுத்தார்.

பழைய ரிப்பேர்காரரிடம் போய் அந்த இரண்டு ஸ்டட்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "நெருக்கிப் பிடிச்சா சேருதே தம்பி" என்றார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.