ஸ்டீம் டெக்கா, சொந்தமாகப் பொருத்திய கணினியா?

ஸ்டீம் டெக் என்பது வால்வ் நிறுவனத்தின் கையடக்க கேமிங் கணினி. கேம் விளையாட முதல் கருவி வாங்குவோர் பலர் தடுமாறும் இடம் இது.

வன்பொருள்: 2022-ல் வந்த ஸ்டீம் டெக்கில் 4 கோர் ஏஎம்டி சிப், 16 ஜிபி ரேம், 1280×800 திரை, எல்லா டெக்கிலும் ஏறக்குறைய ஒரே திறன்தான். அதனால் ஒரு கேம் இதில் ஓடுமா என்பதை வால்வ் முன்பே சோதித்துக் குறியிட முடிகிறது.
சொந்தக் கணினியில் அந்தச் சோதனை உங்கள் வேலை.

மேம்பாடு: டெக்கில் எஸ்எஸ்டியை (சேமிப்பகம்) மாற்றலாம் (22×30 மி.மீ. கொண்ட 2230 அளவு மட்டும்). ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, கூட்ட முடியாது.
சொந்தக் கணினியில் ஏஎம்5 (ஏஎம்டி பிராசசர் பொருந்தும் சாக்கெட் வகை) மதர்போர்டு இருந்தால் பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு எதையும் தனித்தனியே மாற்றலாம்.

சிக்கல்: டெக்கில் விண்டோஸ் அல்ல, லினக்ஸ் இயங்குதளம். வேலரன்ட் என்ற ஆன்லைன் சுடும் கேம் அதில் ஓடாது. நண்பர்களோடு அதைத்தான் ஆடுவீர்கள் என்றால் டெக்கை மறந்துவிடுங்கள்.
சொந்தக் கணினியில் தவறுகள் பெரும்பாலும் பொருத்துவதில்தான். நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் பொதுவாகப் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4-ஆம் ஸ்லாட்டில் செருகுங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்பு மென்பொருள்) எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை இயக்காவிட்டால் 6000 வேக டிடிஆர்5 ரேம் பெரும்பாலும் 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே நிற்கும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகினால் கிராபிக்ஸ் கார்டு வாங்கியதன் முழுப் பலன் கிடைக்காது. பழைய பயாஸ் உள்ள பி650 (ஏஎம்5 வகை) போர்டு, அதற்குப் பின் வந்த ஏஎம்டியின் ரைசன் 9000 பிராசசரை அடையாளம் காணாமல் போகலாம். பிராசசர் இல்லாமலே பயாஸைப் புதுப்பிக்க உதவும் பயாஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டாக வாங்குங்கள்.

பயணத்தில் ஆட, பொருத்தும் வேலை வேண்டாதவர்களுக்கு டெக். 1440பி (2560×1440) திரை, வீடியோ எடிட்டிங், பல ஆண்டுப் பயன்பாடு என்றால் சொந்தக் கணினிதான்.