குரங்குக் கையா, ஃபிராங்கென்ஸ்டைனா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பிள்ளைகள் சிலர் தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பில் பழைய திகில்கதை ஒன்றைக் கிண்டலடித்து குட்டி நாடகம் போடப்போகிறார்கள், எந்தக் கதை என்பதில்தான் இழுபறி.

அடையாளம்
ஃபிராங்கென்ஸ்டைன்: தட்டைத் தலை, கழுத்தில் போல்ட், சின்னக் குழந்தைக்கும் தெரியும். அது 1931 படத்தின் ஒப்பனை. 1818இல் மேரி ஷெல்லி எழுதிய உருவத்துக்கு நீளமான கறுப்பு முடி, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படித்து அழகாகப் பேசவும் செய்யும்!
குரங்குக் கை: பெயர் பலருக்குத் தெரியாது, மூன்று வரம் தரும் மந்திரக் கை என்றால் எல்லாருக்கும் புரியும்.

செலவு
முன்னதுக்கு ஒப்பனைக்காரர் வேண்டும்.
பின்னதுக்கு காய்ந்த கை மாதிரி ஒரு பொம்மை போதும்.

சிரிப்பு
ஃபிராங்கென்ஸ்டைன்: நடை, உறுமல். சீக்கிரம் தீர்ந்துவிடும்.
குரங்குக் கை: ஆங்கில எழுத்தாளர் ஜேக்கப்ஸின் 1902 கதையில் அப்பா அந்தக் கையிடம் 200 பவுண்டு கேட்கிறார், மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்து அதே தொகை இழப்பீடாக வருகிறது, 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடர் 1991இல் இதைக் கிண்டலடித்தபோது அதில் வரும் அப்பா ஹோமர் ரொம்ப யோசித்து, வம்பே வராதபடி ஒரு வான்கோழி சாண்ட்விச் கேட்கிறார், அதிலும் கறி காய்ந்திருக்கிறது. நம் மேடையில் ரொட்டி சானாய் கேட்டால் குழம்பில்லாமல் வரட்டும். மகன் சாவை மட்டும் தொடாதீர்கள், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பணத்தில் வாழும் குடும்பம் எதிரே உட்கார்ந்திருக்கலாம்.

குழந்தைகள் நிறைய வந்தால், ஒப்பனைக்கு ஆளும் இருந்தால் ஃபிராங்கென்ஸ்டைன். பேசி நடிக்கத் தெரிந்த நாலு பேர் இருந்தால் தயங்காமல் குரங்குக் கை, என் ஓட்டும் அதற்குத்தான்.