கணக்கு வேலைக்கும் பஸ் பயணத்துக்கும் ஒரு லேப்டாப்: கடலூரில் சில வருட அனுபவம்

மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு ஜிஎஸ்டி, வருமான வரிக் கணக்கு பார்க்கிறேன். ஆபீஸ் என்று ஓர் அறை இருக்கிறது, ஆனால் வேலையில் பாதி வெளியில்தான். பண்ருட்டியில் முந்திரி வியாபாரிகள், விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி, பாண்டியில் ஜவுளிக்கடைகள், முதுநகரில் துறைமுகத்தை ஒட்டி ஓர் ஐஸ் ஃபேக்டரி. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு, விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ஆம் தேதியும் வரி கட்டும் 3பிக்கு 20ஆம் தேதியும் கடைசி நாள். இந்தத் தேதிகளுக்கு முந்தின ராத்திரி லேப்டாப் நிற்கக் கூடாது. அப்படியே நின்றாலும் அடுத்த வேலை நாளில், கடலூரிலேயே, சரியாக வேண்டும். லேப்டாப் வாங்க யோசனை கேட்கிறவர்கள் பிராசஸரிலும் ஜிபியிலும்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். சர்வீஸிலும் உதிரிபாகத்திலும் ஆரம்பியுங்கள் என்பதுதான் என் பதில்.

நான் வைத்திருப்பது 14 அங்குலத் திரை, ஐ5 யூ வரிசை பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள ஒரு பிசினஸ் லேப்டாப். புதிதாக, மூன்று வருட ஆன்சைட் வாரன்ட்டியோடு, அதாவது இன்ஜினியர் நம் இடத்துக்கே வந்து சரிசெய்யும் வாரன்ட்டியோடு, வாங்கினேன். மாடல் எண்ணைச் சொன்னாலும் அது இப்போது கடையில் கிடைக்காது. அதனால் வரிசையைச் சொல்கிறேன்: லெனோவோவின் திங்க்பேட், எச்பியின் எலிட்புக், டெல்லின் லாட்டிட்யூட். லாட்டிட்யூட் என்ற பெயரை 2025இல் டெல் ப்ரோ என்று மாற்றிவிட்டார்கள், தேடும்போது குழம்ப வேண்டாம். என்னுடையது இந்த மூன்றில் ஒன்று.

இந்த வரிசைகளில் என்ன விசேஷம் என்றால், எந்த ஸ்க்ரூவைக் கழற்றினால் எது வெளியே வரும் என்று படத்தோடு விளக்கும் சர்வீஸ் மேனுவலைக் கம்பெனியே வெளியிட்டுவிடுகிறது. எவர் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். எந்த மாடலை வாங்க நினைத்தாலும் முதலில் அந்த மேனுவலில் கீபோர்டு, பேட்டரி, ஃபேன் மாற்றும் பக்கங்களைப் பாருங்கள். கீபோர்டு மாற்ற மதர்போர்டு வரை கழற்றச் சொல்கிறதா, இரண்டு மூன்று ஸ்க்ரூவோடு முடிகிறதா என்று தெரிந்துவிடும். ரேம் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டதா, தனி ஸ்லாட்டா என்பதும் அதில் இருக்கும். ரேம் சால்டர் ஆகியிருந்தால் வாங்கும்போதே 16 ஜிபி எடுத்துவிட வேண்டும். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர், எக்செல், இருபது டேப் திறந்த பிரவுசர் எல்லாம் ஒரே நேரத்தில் ஓட 8 ஜிபி இப்போது திணறுகிறது.

இனி உப்புக்காற்று. கடலோர ஊர்க்காரர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். லேப்டாப்பின் ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. நம் ஊர்க் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் இருக்கிறது. அது தூசியோடு சேர்ந்து உள்ளே போர்டிலும் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளிலும் படிகிறது. காய்ந்திருக்கும் வரை அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், சாப்பாட்டு உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலூரில் விடியற்காலை ஈரப்பதம் 80ஐத் தாண்டுவது சாதாரணம். கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும்.

இதில் பலர் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப் தன் சூட்டில் உள்ளே ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளும். வாரக்கணக்கில் பீரோவில் பூட்டி வைத்த லேப்டாப்தான் சீக்கிரம் கெடும். ஊருக்குப் போகிறேன் என்று வைத்துவிட்டுப் போனால் வீட்டில் ஒருவரிடம் சொல்லி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஐஸ் ஃபேக்டரிக்குப் போனால் கடல் பக்க வராண்டாவில் எவ்வளவு காற்று வந்தாலும் நான் உட்காருவதில்லை, உள் அறைக்குப் போய்விடுவேன். வருடம் ஒருமுறை, பங்குனி வெயில் தொடங்கும் முன், பின்மூடியைக் கழற்றி ஃபேனைச் சுத்தம் செய்கிறேன். அதேபோல, ஏசி அறையில் அணைத்து வைத்திருந்த மெஷினை வெளியே எடுத்து வந்த உடனே போடுவதில்லை. குளிர்ந்த பாகத்தில் வியர்த்திருக்கும். பையிலேயே கொஞ்ச நேரம் இருக்கட்டும்.

இவ்வளவு பார்த்தும் மூன்றாம் வருடத்தில் கீபோர்டு போய்விட்டது. முதலில் 5 அடிக்காமல் போனது, பிறகு என்டர். கணக்கு வேலையில் இந்த இரண்டும் இல்லாமல் என்ன செய்ய முடியும்? வாரன்ட்டிக்குப் போன் செய்தேன். மறுநாளே பாண்டியிலிருந்து இன்ஜினியர் புதுக் கீபோர்டோடு வந்துவிட்டார். என் மேஜையிலேயே வைத்து, ஒரு டீ ஆறுவதற்குள் மாற்றிக் கொடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “பீச் ஓரத்து மெஷின்ல இது வர்றதுதான் சார். போர்டு சுத்தமா இருக்கு, நீங்க பயப்பட வேண்டாம்” என்றார்.

அதே சமயத்தில்தான் என் அக்கா மகனின் மெல்லிய லேப்டாப்பிலும் கீபோர்டு தகராறு. “மாமா, உங்களோடதைவிட இது டபுள் ஸ்பீடு” என்று ஆசையாகக் காட்டியவன் அவன். வேகம் உண்மைதான், வீடியோ எடிட்டிங்குக்கு அவனுக்கு அது வேண்டியும் இருந்தது. ஆனால் அதில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்தே ரிவெட் அடித்திருக்கிறார்கள். ஒரு கீ போனாலும் மேல்பாகம் முழுவதையும் மாற்ற வேண்டும். சென்னைக்கு அனுப்பி, பார்ட் வரவில்லை என்று வாரக்கணக்கில் காத்திருந்து, கல்லூரி ப்ராஜெக்டை நண்பன் மெஷினில் முடித்தான். கடைசியில் சரியாகி வந்தது. 19ஆம் தேதி எனக்கு அப்படி நடந்திருந்தால் என்னை நம்பிக் கணக்கைக் கொடுத்தவர்கள் தாமதக் கட்டணமும் வட்டியும் கட்ட வேண்டியிருக்கும்.

ஆன்சைட் வாரன்ட்டி என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது உங்கள் பின்கோடுக்கு உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். சென்னையிலும் பாண்டியிலும் மறுநாள் வருகிறவர்கள் காட்டுமன்னார்கோயிலுக்கும் மறுநாளே வருவார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வருட வாரன்ட்டியோடு வந்த மெஷினாக இருந்தால், அது முடிவதற்குள் பணம் கட்டிப் பெரும்பாலும் மூன்று வருடமாக நீட்டிக்கலாம். கூடவே வரும் பை, மவுஸ் சலுகையைவிட அந்தப் பணம் எவ்வளவோ மேல்.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் உடனே கேட்பது: 14 அங்குலத்தில் நம்பர்பேட் இல்லையே? நியாயமான கேள்வி. டேலியில் வலது கையால் எண்களைத் தட்டிப் பழகியவர்களுக்கு மேல்வரிசை எண்கள் ஒத்தே வராது. ஆனால் நம்பர்பேட் வேண்டுமென்று 15.6 அங்குலம் எடுத்தால் எடை கூடும், பஸ்ஸில் மடியில் விரிக்க இடம் போதாது. பக்கத்து சீட்டுக்காரர் முழங்கை படாமல் பண்ருட்டி வரை போக முடியாது. யூஎஸ்பி நம்பர்பேட் தனியாகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று ஆபீஸில், ஒன்று பையில். ஐநூறு பில் என்ட்ரி போட வேண்டிய நாளில் மட்டும் அதை வெளியே எடுக்கிறேன்.

போர்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கம்பெனி, எல்எல்பி கணக்குகளுக்கு ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட டிஜிட்டல் சிக்னேச்சர் கட்டாயம். அது பென்டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில் இருக்கும், அந்த டோக்கன் பெரும்பாலும் பழைய அகலமான யூஎஸ்பி போர்ட்டில்தான் போகும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் இப்போது யூஎஸ்பி-சி மட்டும்தான் இருக்கிறது. ஹப் போட்டால் சில நேரம் டோக்கன் பிடிக்கிறது, சில நேரம் பிடிக்கவில்லை. கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சோதனை யாருக்கும் வேண்டாம். அகல யூஎஸ்பி இரண்டாவது இருக்கட்டும், ஒன்றில் டோக்கன், ஒன்றில் நம்பர்பேட். டோக்கனை நேராகச் செருகாமல் அரை அடி எக்ஸ்டென்ஷன் கேபிளில் போடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டோக்கனில் கை இடித்தால் போர்ட்டின் பல் ஆடிவிடும். எச்டிஎம்ஐ போர்ட்டும் எனக்கு உதவுகிறது. ஜவுளிக்கடையில் சிசிடிவி பார்க்க வைத்திருக்கும் டிவியில் இணைத்து, லாப நஷ்டக் கணக்கைப் பெரிதாகக் காட்டினால் முதலாளியோடு அவர் மகனும் சேர்ந்து பார்க்கிறார்.

சார்ஜிங் யூஎஸ்பி-சி வழியாக நடக்க வேண்டும், இது பயணம் செய்கிறவர்களுக்கு மிக முக்கியம். 65 வாட் சார்ஜர் ஒன்றே லேப்டாப்புக்கும் போனுக்கும் போதும். கேபிளைப் பார்த்து வாங்குங்கள். சாதாரண 3 ஆம்பியர் கேபிளில் 60 வாட்டுக்கு மேல் போகாது, 65க்கு 5 ஆம்பியர் கேபிள் வேண்டும். அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். ரயில் பெட்டிகளில் உள்ள பிளக்கில் பெரும்பாலும் 110 வோல்ட்தான் வரும். லேப்டாப் அடாப்டர் 100 முதல் 240 வரை ஏற்கும் என்பதால் பயமில்லை.

பழைய வீடுகளில், குறிப்பாகத் திண்ணை வைத்த மண்டிக் கட்டிடங்களில், பிளக்கில் எர்த் இருக்காது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுத் தொட்டால் குறுகுறுவென்று இருக்கும். அடாப்டரின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகச் சிறிய கசிவு அது. ஆளுக்கு ஆபத்தில்லை என்றாலும் எனக்குப் பிடிக்காது. மூன்று பின் கொண்ட அடாப்டரை எர்த் உள்ள பிளக்கில் போட்டால் போய்விடும்.

பேட்டரியின் அருமை தெரிந்தது ஃபெஞ்சல் புயலின்போது. 2024 நவம்பர் 30 இரவு பாண்டி பக்கத்தில் கரையைக் கடந்தது, பாண்டியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை. அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. கரண்ட் இல்லை. டிசம்பர் 11 ரிட்டர்னுக்கான பில்களைச் சேர்க்கும் வேலை நடுவில் நின்றது. 65 வாட் கொடுக்கும் 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் வைத்திருந்தேன். 74 வாட்-அவர் கணக்கு. மாற்றும்போது வீணாவது போக, என் லேப்டாப்புக்கு ஏறக்குறைய ஒரு முழுச் சார்ஜ். திரை வெளிச்சத்தைக் குறைத்து, இன்டர்நெட்டை அணைத்து, என்ட்ரியை மட்டும் போட்டு முடித்தேன். போன் டவர் வந்தபோது பதிவேற்றினேன். 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த ஊருக்கு இந்த ஏற்பாடு அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

சாதாரண நாளில் ஆபீஸில் சார்ஜரிலேயே இருப்பதால் 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங் வைத்திருக்கிறேன். லித்தியம் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் ஆயுள் குறையும். வெளியூர் போகும் முதல் நாள் இரவு மட்டும் நூறு. இன்னொன்று: புது லேப்டாப்கள் பலவற்றில் மூடியை மூடினால் முழுதாகத் தூங்குவதில்லை. பைக்குள் தானாக விழித்து, சூடாகி, பண்ருட்டியில் எடுக்கும்போது பேட்டரி பாதி காலியாக இருக்கும். செட்டிங்கில் மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றிவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. திரை மங்கல், 250 நிட்ஸ்தான். ஜன்னலோர சீட்டில் வெயில் விழுந்தால் எக்செல் கட்டமே தெரியாது. இப்போது வாங்குகிறவர்கள் 400 எடுங்கள். ஸ்பீக்கர் சுமார். கேமரா சுமார்.

பட்ஜெட் இல்லை, ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது) வாங்கலாமா என்று தொழில் பழக வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாராளமாக வாங்கலாம், இதே பிசினஸ் வரிசைகளில். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டதால், இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள், விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் வருவதற்கு முன்பே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டு பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள். பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். யூஎஸ்பி வாயிலும் அடி ஸ்க்ரூக்களிலும் துரு தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உள்ளேயும் அதே கதையாக இருக்கும்.

கடைசியாக, என் தொழில் பாஷையில் ஒன்று. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் தங்கள் எண்ணைப் போட்டு பில் வாங்குங்கள். 18 சதவீத வரியைப் பொதுவாக உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அந்த வரிப் பகுதியையும் விலையோடு சேர்த்துத் தேய்மானம் போட்டால் இது கிடைக்காது. வருமான வரியில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். விற்றுமுதலில் ஒரு பங்கையே லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் போடுகிறவர்களுக்கு அது தனியாகக் கிடையாது. வாங்கிய நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான், ஆகவே செப்டம்பர் முடிவதற்குள் மெஷின் வேலைக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் வழக்கமாக ஆடிட் ரிப்போர்ட்டுக்கான கெடு செப்டம்பர் 30. அந்த நெருக்கடியில் டேலி டேட்டாவையும் டோக்கன் டிரைவரையும் புது மெஷினுக்கு மாற்றிக்கொண்டிருக்க முடியாது. ஆகஸ்ட்டிலேயே வாங்கிவிடுங்கள்.