கடிகாரமா, குழந்தையின் முகமா?

மூத்தவனுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை என்று கடிகாரம் பார்த்துத் தாய்ப்பால் கொடுத்தேன். இளையவளுக்கு அவள் கேட்டபோதெல்லாம். இரண்டு வழியிலும் நடந்து பார்த்தவள் நான். நடுநிலை என்று நடிக்கப்போவதில்லை. இளையவளின் வழிதான் எனக்குப் பிடித்தது.

கடிகாரத்தின் வசதி எவருக்கும் தெரிந்ததுதான். எப்போது குளிக்கலாம், எப்போது கண்ணயரலாம் என்று முன்கூட்டியே தெரியும். கேட்டபோது கொடுப்பதில் அந்த நிம்மதி கிடையாது. முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை, அதுவும் இடைவெளிக்கு ஓர் ஒழுங்கில்லாமல். மாலையானால் அரை மணிக்கு ஒருமுறை கேட்பாள். அந்த வாரங்களில் நான் எதையும் சூடாகச் சாப்பிட்டதில்லை.

ஆனாலும் அட்டவணையைக் கட்டிக் காப்பதுதான் பெரிய வேலை என்பேன். குழந்தை வளரும், அட்டவணை வளராது. மூத்தவனுக்காக எழுதியவற்றில் ஒன்றுகூட மூன்று வாரம் தாங்கவில்லை. ஆறாவது வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே அழ ஆரம்பித்தான். நேரம் ஆகவில்லையே என்று தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். அழுகை பசியின் கடைசிக் குறி என்பது அப்போது எனக்குத் தெரியாது. அதற்கு வெகுமுன்பே குழந்தை வாயைத் திறந்து பக்கவாட்டில் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், உதட்டைச் சப்பும். அழுது ஓய்ந்தவன் மார்பைச் சரியாகப் பிடிக்காமல் அரைவயிற்றோடு தூங்கிப்போவான். அடுத்த வேளையும் தவறும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் பால் சுரப்பில். மார்பு எந்த அளவு காலியாகிறதோ அந்த அளவு வேகமாகப் பால் ஊறும். நிறைந்தே நின்றால் சுரப்பு தானாகக் குறையும். இரண்டு மூன்று வாரம், ஆறு வாரம், மூன்று மாதம் என்ற கட்டங்களில் பல குழந்தைகள் சில நாட்கள் ஓயாமல் குடிப்பார்கள். இனி இவ்வளவு வேண்டும் என்று அம்மாவின் உடம்புக்குச் சொல்லி அனுப்புவது போல. மூத்தவன் சொல்லி அனுப்பியதை நான் வாங்கவே இல்லை. பால் போதவில்லை என்று நானே முடிவுகட்டிப் புட்டியைச் சேர்த்தேன். புட்டி வந்ததும் மார்பு காலியாவது குறைந்தது, பால் இன்னும் குறைந்தது. இளையவள் அதே ஆறாவது வாரத்தில் நாள் முழுவதும் மடியிலேயே கிடந்தாள். நான்கு நாளில் இடைவெளி தானாக நீண்டது. நான் திருத்தி எழுத எதுவும் இருக்கவில்லை.

வயிறு நிறைந்ததா என்ற கவலைக்கு டயப்பரும் எடையும் பதில் சொல்லும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் ஆறு டயப்பராவது நனைய வேண்டும். பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் மீண்டும் எட்ட வேண்டும்.

கடிகாரம் கட்டாயமாகும் இடமும் உண்டு. பிறந்த புதிதில் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை, மஞ்சள் காமாலை வந்த குழந்தை, குறைமாதக் குழந்தை ஆகியோர் பசித்தாலும் கேட்காமல் இருந்துவிடலாம். அவர்களை மருத்துவர் சொல்லும் நேரத்துக்கு எழுப்பித்தான் கொடுக்க வேண்டும். இரட்டையர் விஷயத்தில் எனக்கு அனுபவமே இல்லை. அந்த வீட்டில் கடிகாரம் இல்லாமல் ஒப்பேற்ற முடியுமா என்பது சந்தேகம்தான். முழுக்கப் புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கு என் சுரப்பு வாதம் பொருந்தாது. ஆனால் முகத்தைத் திருப்பினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பது அங்கும் பொருந்தும்.

நான்காம் மாதம் முகம் பார்ப்பதும் சற்றுத் தடுமாறியது. பாதிப் பாலில் விட்டுவிட்டுப் பராக்குப் பார்ப்பாள். பசி தீர்ந்ததா, மின்விசிறி பிடித்துப்போனதா என்று புரியாது. கதவைச் சாத்திய அறையில் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

ஆறு மாதம் முடிந்து திட உணவு தொடங்கியபோது, ஒதுக்கிவைத்த கடிகாரத்தை நானே திரும்ப எடுத்தேன். 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 2, 3 முறை, 9 முதல் 11 மாதம் வரை 3, 4 முறை என்கிறது உலக சுகாதார அமைப்பு. பால் குடித்த கையோடு கிண்ணத்தை நீட்டினால் வாயைத் திறக்க மாட்டாள் என்பதால் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். நேரம் என்னுடையது, அளவு அவளுடையது. மூத்தவனிடம் இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சிய நான், இவள் தலையைத் திருப்பியதும் கிண்ணத்தைக் கழுவப் போய்விடுவேன்.