கல்லீரலில் ஒரு கட்டி: குமிழி ஸ்கேனா, எம்.ஆர்.ஐ.யா?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருப்பார்கள். ரிப்போர்ட்டில் "கல்லீரலில் 2 செ.மீ. கட்டி" என்று வரும். அன்றிரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. பெரும்பாலும் அது ஹெமான்ஜியோமா என்ற ரத்தக்குழாய் முடிச்சுதான். வெள்ளையாக, விளிம்பு தெளிவாக இருந்து, கல்லீரலும் நலமாக இருந்தால் சாதாரண அல்ட்ராசவுண்டே போதும்.

சிக்கல் எஃப்.என்.எச். (ஃபோக்கல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா, கல்லீரல் செல்கள் ஓரிடத்தில் பெருகி வரும் முடிச்சு), அடினோமா (கல்லீரல் செல்லில் வரும் இன்னொரு வகைக் கட்டி) இரண்டையும் பிரிப்பதில். இரண்டும் புற்று அல்ல. இரண்டும் பெண்களுக்கே அதிகம். எஃப்.என்.எச். என்று உறுதியானால் அப்படியே விட்டுவிடலாம். அடினோமா அப்படியல்ல. 5 செ.மீ. தாண்டினால் ரத்தம் கசியும் ஆபத்து கூடும், சில வகை புற்றாகவும் மாறும். கட்டியை வளரவைக்கக்கூடிய கருத்தடை மாத்திரையை நிறுத்தச் சொல்வதும் அதனால்தான். சாதாரண அல்ட்ராசவுண்ட் இங்கே கைவிட்டுவிடும்.

குமிழி ஸ்கேனும் அல்ட்ராசவுண்டுதான்; ஆனால் இதில் சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு வாயு அடைத்த நுண்குமிழிகளை நரம்பில் ஏற்றுகிறார்கள். ரத்த சிவப்பணுவைவிடச் சிறிய இவை, ரத்தக்குழாயைத் தாண்டிப் போவதில்லை. எஃப்.என்.எச். என்றால் நடுவிலிருந்து வெளியே, வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல ரத்தம் பாய்வதை நேரிலேயே பார்க்கலாம். அடினோமா பெரும்பாலும் விளிம்பிலிருந்தோ ஒரே மூச்சாகவோ நிறையும். இந்தக் காட்சி சில நொடிதான். குறித்த நேரத்தில் மட்டும் படமெடுக்கும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அதைத் தவறவிடலாம். வாயு மூச்சோடு போய்விடும், சிறுநீரகத்துக்குச் சுமையில்லை, கதிர்வீச்சும் இல்லை. அமெரிக்காவில் 2016இல் கல்லீரல் கட்டிகளுக்கு, குழந்தைகளுக்கும் சேர்த்து, அனுமதி கிடைத்தது.

ஆனால் ஒரு ஊசிக்கு ஒரு கட்டியைத்தான் ஒழுங்காகப் பின்தொடர முடியும். கொழுப்பு படிந்த கல்லீரல், உதரவிதானத்துக்கு அடியில் ஒளிந்த கட்டி என்றால் படம் மங்கும். பார்ப்பவரின் கைப்பழக்கமும் முக்கியம்.

எம்.ஆர்.ஐ. முழுக் கல்லீரலையும் காட்டும். அதற்காக ஊசியில் ஏற்றும் காடோக்ஸெடேட் என்ற மருந்தை கல்லீரல் செல்களே உறிஞ்சும். 20 நிமிடம் கழித்துப் பார்த்தால் எஃப்.என்.எச். பளிச்சென்றோ கல்லீரலின் நிறத்திலோ நிற்கும், பெரும்பாலான அடினோமா கறுத்துப்போகும். 3 செ.மீ.க்குக் குறைந்த ஒற்றைக் கட்டிக்கு முதலில் குமிழி ஸ்கேன், பெரிதாகவோ பலவாகவோ இருந்தால் எம்.ஆர்.ஐ. என்பதே என் தேர்வு. சி.டி.யை இந்தக் கேள்விக்கு நான் கடைசியில்தான் வைப்பேன்.

அப்புறம் வான் மேயென்பர்க் கட்டிகள். பித்தநாளத்தில் பிறவியிலேயே வரும் பொடிப்பொடி முடிச்சுகள் இவை. புற்றுநோயாளியின் சி.டி.யில் இவற்றைப் பார்த்து, புற்று பரவிவிட்டது என்று பயந்துபோவது உண்டு. சாதாரண அல்ட்ராசவுண்டில் வால்நட்சத்திரம் போல இழுபடும் கோடுகள் தெரிந்தால் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும்; பித்தநாளத்துக்கான எம்.ஆர்.ஐ. எடுத்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

சில அடினோமா காடோக்ஸெடேட்டிலும் பளிச்சிடும். குமிழி ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் வேறு வேறு பதில் சொன்னால் பயாப்சிதான்.