பனிவெளியில் ஒரு வெறுமை: புதுச்சேரி ஓவியக்கூடத்தில் சோவியத் தலைமறைவுக் கலை

புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியின் சிறிய ஓவியக்கூடம் ஒன்றில், சோவியத் ஒன்றியத்தின் கடைசிக் காலத் தலைமறைவுக் கலையில் (அரசு அங்கீகரிக்காத கலையில்) பௌத்தத்தின் தாக்கத்தைக் காட்டும் புகைப்படக் கண்காட்சி நடைபெறுகிறது. மாஸ்கோவில் அனுமதியின்றித் திறந்தவெளியில் வைக்கப்பட்ட ஓவியங்களை 1974 செப்டம்பரில் புல்டோசர் கொண்டு கலைத்த நிகழ்வையும், அதே ஆண்டு சைபீரியாவின் புரியாத்தியப் பகுதியைச் சேர்ந்த பௌத்த அறிஞர் பிதியா தந்தரோன் சிறைமுகாமில் உயிரிழந்ததையும் ஒரே சுவரில் வைத்திருப்பது மிகப் பொருத்தம்.

கண்காட்சியின் உயிர்நாடி, ஆந்திரேய் மொனஸ்தீர்ஸ்கியும் நண்பர்களும் 1976இல் தொடங்கிய ‘கூட்டுச் செயல்கள்’ என்ற நிகழ்த்துகலைக் குழுவுக்கான அறைதான். அவர்களின் நிகழ்ச்சி ஒன்றில், அழைக்கப்பட்டவர்கள் பனி மூடிய வெளியின் ஓரத்தில் காத்து நிற்கிறார்கள். எதிர்ப்புறக் காட்டிலிருந்து இருவர் நடந்து வந்து, காத்திருந்தவர்கள் அங்கே இருந்ததற்கான சான்றிதழைக் கையில் கொடுக்கிறார்கள். நிகழ்ச்சி அத்துடன் முடிகிறது. காத்திருத்தலையும் வெறுமையையுமே கலையாக்கிய இந்தத் துணிவில் ஜென் பௌத்தச் சிந்தனைக்குள்ள பங்கை விளக்கக் குறிப்பு தெளிவாக எடுத்துரைக்கிறது.

அக்குறிப்புகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருப்பது பெருங்குறை. கடலூரிலிருந்து வந்திருந்த மாணவர்கள் படங்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தது வருத்தமளித்தது. ஓவியம் பயில்வோர், கூட்டமில்லாத காலை வேளையில் சென்று, ‘கூட்டுச் செயல்கள்’ அறைக்கே அதிக நேரம் ஒதுக்குவது நல்லது.